வரவும் செலவும் எழுதிய பயணி: வாலஸின் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலை ஒரு சமண வியாபாரி படித்தபோது

நம் சங்க மலரில் கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் எழுதத் தகுதியுள்ள பெரியவர்கள் கொல்கத்தாவில் பலர் இருக்கிறார்கள். நான் பித்தளையும் எவர்சில்வரும் விற்றுப் பிழைக்கிறவன். பள்ளி இறுதித் தேர்வோடு என் படிப்பு முடிந்தது. பிறகு படித்ததெல்லாம் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைக்காரர்கள் புண்ணியம். ஆகவே திறனாய்வு என்று பெரிய பேர் வைக்காமல், எனக்குக் கைவந்த இரண்டு அளவுகோல்களைக் கொண்டு ஓர் ஆங்கில நூலை எடை போடலாம் என்று எண்ணுகிறேன். ஒன்று, கணக்குப் புத்தகம். மற்றொன்று, பிறந்த வீட்டில் கற்ற சமண நெறி. இந்த நூலைப் படிக்கும்போது அந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டன. அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நூலும் ஆசிரியரும்

நூல், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதிய ‘மலாய்த் தீவுக்கூட்டம்’. 1869-இல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. டார்வினுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள், சிங்கப்பூர், மலாக்கா, போர்னியோ, ஜாவா, பாலி, லோம்போக், செலிபிஸ், மொலுக்கஸ், ஆரு, நியூகினி என்று ஏறக்குறைய 14,000 மைல் சுற்றிய அனுபவம் அதில் இருக்கிறது. இன்றைய கணக்கில் அந்த இடங்கள் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் வருகின்றன.

வாலஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்லர். 1823-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். பதினான்கு வயதுவாக்கில் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. அண்ணனோடு சேர்ந்து நில அளவை வேலை பார்த்தார். டார்வினுக்குத் தகப்பனார் சொத்து இருந்தது. இவருக்குக் கைமுதல் என்று இருந்தது இரண்டு கைகள்தாம். 1848-இல் அமேசான் காட்டுக்குப் போய், பூச்சி பறவைகளைப் பிடித்துப் பதம் செய்து லண்டனுக்கு அனுப்பி, விற்ற காசில் அடுத்த ஊருக்குப் போவது என்று நான்கு வருஷம் வாழ்ந்தார். 1852-இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. சேர்த்து வைத்த சரக்கு பெரும்பாலும் எரிந்துபோக, பத்து நாள் திறந்த படகில் மிதந்து உயிர் தப்பினார். சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற அவருடைய லண்டன் ஏஜெண்ட் முன்யோசனையோடு சரக்கை இன்ஷூர் செய்து வைத்திருந்தார். கொஞ்சம் பணமாவது தேறியது.

முதல் முழுகிப்போனபின் இரண்டே வருஷத்தில் மறுபடி கடை திறக்கிற மனுஷனை எங்கள் வியாபாரத்தில் கையெடுத்துக் கும்பிடுவோம். வாலஸ் அப்படித்தான் 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

நூலின் அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. பயணம் நடந்த வரிசையில் அவர் எழுதவில்லை, தீவுகளின் வரிசையில் எழுதியிருக்கிறார். ஒரே தீவுக்கு இரண்டு மூன்று முறை போனதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறார். அதனால் 1857-ஐப் படித்த கையோடு 1855-க்குத் திரும்ப வேண்டியிருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டால் தடுமாற்றம் குறையும். ஆனால் இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘எந்த உயிர் எந்தத் தீவில்?’ என்பதுதான் அவருடைய கேள்வி. கேள்விக்குத் தக்க வரிசை அது.

இருபது கிலோமீட்டரில் இரண்டு உலகம்

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1856-இல் வாலஸ் பாலித் தீவில் இறங்கினார். அங்கே குக்குறுவான், மரங்கொத்தி போன்ற பறவைகள். நம் நாட்டுத் தோப்புகளில் பார்க்கிற இனங்களின் சொந்தக்காரர்கள். பிறகு பக்கத்துத் தீவான லோம்போக்குக்குப் போனார். இரண்டுக்கும் நடுவே உள்ள ஜலசந்தி குறுகலான இடத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ஆனால் அக்கரையில் ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள்! வெள்ளைக் காக்கட்டூ கிளி, தேன்குடிக்கும் பறவைகள், முட்டையை மண்மேட்டில் புதைத்துவிட்டுப் போகிற மேட்டுக்கோழி. மண்ணும் மழையும் ஒன்றாக இருக்கும்போது உயிர்கள் மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

பாலி ஒரு காலத்தில் ஆசியக் கண்டத்தோடு நிலமாக ஒட்டியிருந்தது, லோம்போக் ஒட்டவில்லை, நடுவே உள்ள கடல் ஆழமானது என்று வாலஸ் முடிவு கட்டினார். இன்று நமக்கு விவரம் கூடுதலாகத் தெரியும். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது. அப்போது பாலிக்கு நடந்தே போயிருக்கலாம். லோம்போக் ஜலசந்தியோ அப்போதும் வற்றவில்லை. அந்தப் பிரிவை 1868-இல் ஹக்ஸ்லி என்ற அறிஞர் ‘வாலஸ் கோடு’ என்று பெயரிட்டார். இன்றைக்கும் அதுதான் பெயர்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1855-இல் வாலஸ் சரவாக்கிலிருந்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். புதிய இனம் எதுவும் ஏற்கெனவே உள்ள நெருங்கிய இனத்தை ஒட்டியே, அதே இடத்தில், அதே காலத்தில் தோன்றுகிறது என்பது அதன் சாரம். லண்டனில் பலர் கண்டுகொள்ளவில்லை. இதன் பெருமையை உணர்ந்து டார்வினுக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர், நம் பார்க் ஸ்ட்ரீட் ஆசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பிளைத். 1855 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து போன கடிதம் அது. சொசைட்டி கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மூன்று வருஷம் கழித்து 1858-இல், டெர்னேட் தீவிலிருந்து வாலஸ் அனுப்பிய இன்னொரு கட்டுரை டார்வின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது தோன்றிய யோசனை அது. வாழத் தக்கது பிழைக்கும், அதன் வழியே இனம் மாறும் என்ற கொள்கை. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் பெயரிலும் வாசிக்கப்பட்டது. வாலஸை யாரும் கேட்கவில்லை. அப்போது அவர் நியூகினியில் இருந்தார். பின்னால் தெரிந்தபோது வருத்தப்படவில்லை, பெருமைதான் பட்டார். காணிக்கைப் பக்கமே அதற்குச் சாட்சி.

இது வரவுப் பக்கம். இனி மற்றப் பக்கம்.

சரக்கும் சந்தையும்

இந்த நூலைப் பேராசிரியர்கள் அறிவியல் நூலாகப் படிக்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கொள்முதல். போர்னியோவில் சிமுஞ்ஜோன் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்க வேலைக்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட மரத்துக்கு வண்டுகள் மொய்க்கும். வாலஸ் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, சீன, தயக் கூலியாட்கள் கொண்டுவரும் பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் விலை கொடுத்தார். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டு வகை ஏறக்குறைய 2,000. அதில் பெரும்பகுதி அந்த ஒரு சதுர மைலில் கிடைத்தது. சரக்கு எங்கே குவியும் என்று தெரிந்து அங்கே கடை போட்ட சாமர்த்தியம்!

ஆருத் தீவில் டோபோ என்ற சந்தை ஊரைப் பற்றிய பகுதியை நம் வியாபாரிகள் அவசியம் படிக்க வேண்டும். சீனர், பூகிஸ்காரர், ஜாவாக்காரர் என்று பல ஜாதி ஜனங்கள் சுமார் ஐந்நூறு பேர் முத்துச்சிப்பிக்கும் கடல் அட்டைக்கும் வந்து கூடுகிறார்கள். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை. இருந்தும் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொள்ளவில்லையே என்று வியக்கிறார் வாலஸ். வியாபாரம்தான் அவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறது என்பது அவர் முடிவு. வியாபாரியைத் திட்டாத அறிஞர் ஒருவரைப் பார்த்ததில் எனக்கு மனசு குளிர்ந்தது.

ஆனால் வியாபாரம் அறிவைக் கெடுத்த கதையும் இதிலேயே இருக்கிறது. அந்தத் தீவுகளின் சொர்க்கப் பறவைத் தோல் 1522-இலேயே மெகல்லன் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனது. உள்ளூர்க்காரர்கள் காலை வெட்டிவிட்டுத்தான் தோலைப் பதம் செய்வார்கள். கால் இல்லாத பறவை, தரையில் இறங்காமலே பறந்துகொண்டிருக்கும் என்று ஐரோப்பியர் நூறு கதை கட்டினார்கள். 1758-இல் லின்னேயஸ் அதற்கு ‘காலற்றது’ என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார். சரக்கை மட்டும் பார்த்து ஊரை அறிய முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? நேரில் போய்ப் பார்த்து அந்தப் பறவை உயிரோடு ஆடுவதை எழுதிய முதல் சிலரில் வாலஸ் ஒருவர்.

ஒரு லட்சத்து இருபத்தையாயிரம்

நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. எட்டு ஆண்டில் சேர்த்த மொத்தம்: பாலூட்டிகள் 310, ஊர்வன 100, பறவைகள் 8,050, சிப்பி சங்குகள் 7,500, பட்டாம்பூச்சி முதலியன 13,100, வண்டுகள் 83,200, மற்றப் பூச்சிகள் 13,400. ஆக 1,25,660.

வேறு வாசகர்கள் இந்த இடத்தில் ‘அடேயப்பா!’ என்று வியந்துவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். எனக்குப் பக்கம் புரளவில்லை. தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்திருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலன் கூடுவதைச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வாலஸின் பட்டியலைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஈரறிவு உயிர் 7,500. நாலறிவு உயிர் 1,09,700. அதில் எறும்பு முதலிய மூவறிவு உயிர்கள் எத்தனை என்று பட்டியலில் பிரிவு இல்லை. ஐயறிவு உயிர் 8,460. கூட்டினால் அதே 1,25,660 வருகிறது. தொகை ஒன்றுதான். ஆனால் முதல் பட்டியலில் அவை மாதிரிகள், இரண்டாவதில் உயிர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. அந்தத் தொகையை வெளியே சொன்னவர் வாலஸேதான். யாரும் அவரைக் கணக்குக் கேட்கவில்லை.

இவை எல்லாம் அறிவுக்காகக் கொல்லப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தம் ஆராய்ச்சிக்கென்று அவர் வைத்துக்கொண்டது சுமார் 3,000 பறவைத் தோலும் 20,000 வண்டு பட்டாம்பூச்சியும்தான். மிச்சத்தில் பெரும்பகுதி ஸ்டீவன்ஸ் மூலம் அருங்காட்சியகங்களுக்கும், அலமாரியில் அழகுக்கு வைக்கும் சீமான்களுக்கும் விலைபோயிற்று. வாங்குகிறவன் இல்லாவிட்டால் கொல்கிறவனும் இல்லை என்ற வாதத்தைக் குறளின் புலால் மறுத்தலிலும் நீலகேசியின் பௌத்த வாதத்திலும் படித்த நமக்கு, இதில் வாங்கினவர் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வி நம்மையும் விடாது. அந்தச் சரக்கிலிருந்து வடித்தெடுத்த அறிவை இன்று பள்ளிக்கூடம் தோறும் வாங்குகிறவர்கள் நாம்தானே?

அந்தக் குட்டி

நூலில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பகுதி ஒராங்குட்டான் பற்றியது. மலாய் மொழியில் ‘ஒராங்’ என்றால் மனிதன், ‘ஹூத்தான்’ என்றால் காடு. அந்தக் காட்டு மனிதர்களில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களை வாலஸ் அந்த வட்டாரத்தில் சேகரித்தார், பெரும்பாலும் தம் துப்பாக்கியாலேயே.

1855 மே மாதம் ஒரு தாயைச் சுட்டார். அதன் குட்டி சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் அது அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பால் கிடைக்காத இடம். புட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஓர் இறகுத் தண்டைச் செருகி ஊட்டினார். பிடித்துக்கொள்ள மயிர் வேண்டும் என்று குட்டி தவித்ததால் எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாய் செய்து வைத்தார். அது பால் தேடிப் பார்த்து, வாய் நிறைய மயிர்தான் கிடைத்து மூச்சு முட்டியது. பொய்த்தாயைப் பிரித்து எறிய வேண்டியதாயிற்று. துணைக்கு ஒரு குரங்குக் குட்டியை விட்டார். மூன்று மாதம் ஆகும் தறுவாயில் காய்ச்சல் கண்டு இறந்தது. எடை 3 பவுண்டு 9 அவுன்ஸ், உயரம் 14 அங்குலம், விரித்த கைகளின் அகலம் 23 அங்குலம் என்று அளந்து எழுதுகிறார். தோலையும் எலும்பையும் பதம் செய்தார். அப்போதுதான் தெரிந்தது: தாய் மரத்திலிருந்து விழுந்தபோது குட்டிக்கு ஒரு கையும் ஒரு காலும் முறிந்திருக்கின்றன. அந்த முறிவோடுதான் மூன்று மாதம் அவர் மடியில் விளையாடியிருக்கிறது.

இதை எழுதாமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எழுதினார். அழுது புலம்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நாள்வழிப் புத்தகத்தில் நஷ்டத்தை அதே மையால் எழுதுகிற மாதிரி எழுதினார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபமும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டில் எதையும் நான் தள்ளத் தயாராக இல்லை.

பச்சான் தீவில் 1859-இல் பொன்னிறப் பட்டாம்பூச்சி ஒன்றைப் பிடித்தபோது நெஞ்சு படபடத்து, மயக்கம் வரப் பார்த்து, அன்று முழுவதும் தலைவலி இருந்ததாக எழுதுகிறார். அந்த ஆனந்தம் பொய் இல்லை. அழகைக் கண்டு தலை சுற்றிய அதே கையால்தான் அதைக் கொன்றார் என்பதும் பொய் இல்லை.

பார்த்துவிட்டு விட்டிருக்கலாமே?

என் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “ஏன் தாத்தா, பாத்துட்டு விட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

1850-களில் காட்டுக்குத் தூக்கிப்போய்ப் பறக்கிற பறவையைப் பிடிக்கும் புகைப்படக் கருவி கிடையாது. இன்று நாம் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வகை பைனாகுலர் 1890-களில்தான் வந்தது. பறவைகளைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கக் கையேடு இல்லை. பெயரே இல்லாத உயிருக்குக் கையேடு எங்கிருந்து வரும்? பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே கோடு கிழிக்க வேண்டுமானால் இரு கரைச் சரக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். 1863-இல் வாலஸே இதற்கு ஒரு வாதம் சொன்னார். ஒவ்வோர் இனமும் பூமியின் வரலாற்றில் ஓர் எழுத்து, எழுத்து அழிந்தால் வாக்கியம் புரியாமல் போகும், ஆகவே அழிவதற்குமுன் சேர்த்து வையுங்கள் என்று அரசாங்கங்களைக் கேட்டுக்கொண்டார்.

சமண சாஸ்திரம் இல்லறத்தானின் ஹிம்சையை நான்காகப் பிரிக்கும். வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். வாலஸ் செய்தது தொழில் என்று சிலர் வாதிடலாம். நான் ஒப்பமாட்டேன். தொழிலில் தவறி நேர்வது வேறு, கொலையே தொழிலாவது வேறு. எங்கள் முனிவர்கள் கையில் மயிற்பீலி உண்டு. அது மயில் தானாக உதிர்த்த இறகு. சொர்க்கப் பறவையின் இறகு அப்படி வந்ததல்ல. எழுத்து என்ற உவமையையே எடுத்துக்கொண்டாலும், ஓர் எழுத்தைப் படிக்க ஒன்றோ நான்கோ போதும். எண்பத்துமூவாயிரம் வண்டு எதற்கு? அங்கேதான் ஆராய்ச்சி முடிந்து வியாபாரம் தொடங்குகிறது. வியாபாரியான நானே இதைச் சொல்கிறேன்.

வாலஸும் இதன் விளிம்புவரை வந்துவிட்டார் என்பதுதான் இந்த நூலின் உயர்ந்த இடம். 1857-இல் ஆருக் காட்டில் சிவப்பு நிறச் சிறிய சொர்க்கப் பறவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நினைத்துப் பார்க்கிறார். எத்தனை தலைமுறையாக, பார்க்க ஒரு நாகரிக மனிதன் இல்லாமல், இந்த அழகு இங்கே பிறந்து வாழ்ந்து மடிந்திருக்கிறது! ஆனால் நாகரிக மனிதன் இங்கே வந்துவிட்டால், எந்த அழகை ரசிக்கத் தெரிந்தவனோ அந்த அழகையே அழித்துவிடுவான். ஆகவே உயிர்களெல்லாம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல, அவற்றின் வாழ்வு அவற்றுக்கே உரியது என்று முடிக்கிறார். 1869-இல் ஓர் ஆங்கிலேயர் இப்படி எழுதியிருக்கிறார் என்றால் சாமானியமா? இது எங்கள் வீட்டுப் பேச்சு. செத்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதுதான் வித்தியாசம்.

அதே ஆருவில் ஒரு கிழவர் அவரைக் கேட்கிறார். இந்தப் பறவை, பூச்சியெல்லாம் உங்கள் ஊருக்குப் போனதும் மறுபடி உயிர் பெற்று எழுந்துவிடும் அல்லவா? வாலஸ் இதை வேடிக்கையாக எழுதுகிறார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. இவ்வளவு சிரமப்பட்டு ஓர் ஆள் செத்ததைச் சேர்க்கிறான் என்றால் ஏதோ ஒரு வழியில் திரும்ப உயிர் கொடுக்கத்தான் இருக்கும் என்று அந்தக் கிழவர் நியாயமாக யோசித்திருக்கிறார்.

எழுதாமல் விட்ட செலவு

உயிர்கள் விஷயத்தில் கணக்கை மறைக்காத வாலஸ், மனிதர்கள் விஷயத்தில் சில பதிவுகளைக் குறைத்திருக்கிறார்.

முதலாவது அலி. 1855-இல் சரவாக்கில் சமையலுக்கு வேலைக்கு வந்த மலாய்ச் சிறுவன். பிறகு பறவை சுடுவது, தோல் உரிப்பது, படகு, பாஷை எல்லாம் அவன் பொறுப்பு. 1858-இல் பச்சான் தீவில், அதுவரை எந்த விஞ்ஞானியும் காணாத ஒரு சொர்க்கப் பறவையைக் கொண்டுவந்து காட்டியவன் அலி. அதை வாலஸ் ஒளிக்கவில்லை, எழுதியிருக்கிறார். ஆனால் லண்டனில் அந்தப் பறவைக்கு வைத்த பெயர் வாலஸ் பெயர். 1907-இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி டெர்னேட்டுக்குப் போனபோது, ஒரு கிழவர் வந்து தம்மை அலி வாலஸ் என்று சொல்லிக்கொண்டாராம். எசமான் பெயரை அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் பெயரை நூலின் முதல் பக்கத்தில் போட இடம் இருந்தது.

இரண்டாவது ஜாவா. 1830 முதல் டச்சுக்காரர்கள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் அவுரியும் விளைவிக்க வைத்தார்கள். வாலஸ் இதை நல்ல ஏற்பாடு என்று பாராட்டி, ஜனத்தொகை பெருகியதை ஆதாரம் காட்டுகிறார். 1840-களின் கடைசியில் டெமாக், குரோபோகன் வட்டாரங்களில் ஜனங்கள் பஞ்சத்தில் மடிந்த செலவு இந்தக் கணக்கில் ஏறவில்லை. இந்தக் கொடுமையை எழுதிய ‘மாக்ஸ் ஹவேலார்’ என்ற டச்சு நாவல் 1860-இல் வந்தது. வாலஸ் அது சலிப்பூட்டுகிறது என்று ஒதுக்கிவிட்டார். அதே 1860-இல்தான் வங்காளத்தில் தீனபந்து மித்ரா அவுரித் தோட்டக் கொடுமையை ‘நீல் தர்ப்பண்’ என்று நாடகமாக எழுதினார். வங்காளத்துச் சாப்பாடு சாப்பிடுகிற நாம் வாலஸோடு இந்த இடத்தில் ஒத்துப்போக முடியாது.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் நமக்குச் சொந்த விஷயம். சிங்கப்பூரில் ‘கிளிங்’ ஜனங்களைக் கண்டு, மேற்கு இந்தியாவிலிருந்து வந்த முகமதியச் சில்லறை வியாபாரிகள் என்று குறிக்கிறார். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கிளிங் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்த தமிழர்கள். ஒரு வண்டு எந்தக் கரையில் பிறந்தது என்று அவ்வளவு துல்லியமாக எழுதியவர், பக்கத்துக் கடைக்காரன் எந்தக் கரையிலிருந்து வந்தான் என்பதில் கோட்டைவிட்டுவிட்டார்.

ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் அவர் தம் சொந்த நாட்டையே கூண்டில் ஏற்றுகிறார். செல்வம் பெருகிய இங்கிலாந்தில் இவ்வளவு ஏழைகளும் குற்றவாளிகளும் இருக்கும்போது, ஒழுக்கத்தில் நாம் காட்டு ஜனங்களைவிட மேலானவர்கள் இல்லை, நம்முடையதும் காட்டுமிராண்டி நிலைதான் என்கிறார். இது அவருக்குச் சேர வேண்டிய வரவு.

ஐந்தொகை

மும்மணி என்று நாங்கள் சொல்வது நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். வாலஸிடம் காட்சி இருந்தது, எந்த அரசாங்கமும் பல்கலைக்கழகமும் தராத காட்சி. ஞானம் இருந்தது. ஒழுக்கத்தில், உண்மையை ஒளிக்காத பகுதி முழுசாக இருந்தது, கொல்லாமைப் பகுதி வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

அந்த வாசலைத் தாண்டினவர்கள் பின்னால் வந்தார்கள். ஒருவர் நம்மவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், சென்னையில் இருந்துகொண்டு நம் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதினார். துப்பாக்கிக்குப் பதில் கேமரா. மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுப்பாகவும் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணன் பார்த்த மாத்திரத்தில் ஒரு பறவைக்குப் பெயர் சொல்ல முடிந்ததே, அந்தப் பெயர்ப் பட்டியல் முன்னாலே யாரோ சுட்டுச் சேர்த்த தோல்களிலிருந்து வந்தது. கொல்லாத அறிவுக்கும் கொன்ற அறிவு முன்பணம் கட்டியிருக்கிறது. இதை மறந்துவிட்டு நாம் மட்டும் சுத்தம் என்று சொல்லிக்கொள்வது கள்ளக்கணக்கு.

அதனால்தான் இந்த நூலை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்கிறேன். விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் வரவு மட்டும் இருக்கும்: கண்டுபிடிப்பு, ஆண்டு, பெயர். சமய நூலில் செலவு மட்டும் இருக்கும்: கொலை, பாவம், விலக்கு. ஒரே அட்டைக்குள் இரண்டும் கிடைப்பது அபூர்வம். ஒராங்குட்டான் குட்டியின் முறிந்த கையையும் வாலஸ் கோட்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார்.

பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இந்திய அருங்காட்சியகம் இருக்கிறது. 1814-இல் தொடங்கியது. பிளைத் பேணிய ஆசியாட்டிக் சொசைட்டி சேகரிப்பும் பின்னால் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பறவைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இதனால் நாம் என்ன தெரிந்துகொண்டோம்? இதற்கு விலை கொடுத்தது யார்? இரண்டுக்கும் பதில் தேடுகிற பிள்ளை வாலஸைவிட ஓர் அடி முன்னால் நிற்கும்.